ரயிலேறி வந்த பூண்டும் அதன் வாரிசுகளும்

அடுத்த முறை ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்க நேர்ந்தால், நடைமேடையின் கோடிவரை நடந்து சென்று தண்டவாளத்தின் ஓரத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். கருங்கல் ஜல்லியின் இடுக்குகளில் ஒரு சிறு பூண்டு படர்ந்திருக்கும். நீண்ட காம்பின் நுனியில் மூக்குத்தி போல ஒரு பூ. நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிறிய ஐந்தாறு இதழ்கள். வெட்டுக்காயப் பூண்டு என்றும் கிணற்றடிப் பூண்டு என்றும் இதற்குப் பெயர் உண்டு. சிறுவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் எனக்குப் பிடித்தது: தாத்தாப்பூ. பூ முற்றிக் காயாகும்போது தலை முழுவதும் நரைத்துப் பஞ்சாகிவிடும் அல்லவா? அதனால் அந்தப் பெயர்.

ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து பாருங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூ அன்று. பல சிறு பூக்கள் கூடியிருக்கும் ஒரு கூட்டம். நடுவில் நெருக்கமாக நிற்பவை நடுப்பூக்கள். ஓரத்தில் இதழ் போல் நீட்டிக்கொண்டிருப்பவை ஓரப்பூக்கள். சூரியகாந்தியும் செவ்வந்தியும் இவ்வாறே அமைந்தவை. எல்லாம் ஒரே குடும்பம். இந்த நடுப்பூ, ஓரப்பூ என்னும் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் வரலாற்றில் அது திரும்பத் திரும்ப வரும்.

இதே குடும்பத்தில் செனேசியோ என்று ஒரு பேரினம் இருக்கிறது. ‘செனெக்ஸ்’ என்றால் லத்தீனில் கிழவன். அதன் காய்களும் நரைத்த தலையாகவே நிற்கும். ரோமானியர்களின் கண்ணிலும் நம் ஊர்ச் சிறுவர்களின் கண்ணிலும் ஒரே உவமை பட்டிருக்கிறது! அந்தப் பேரினத்தைச் சேர்ந்த சில எளிய பூண்டுகள் பிரிட்டனில் அண்மைக் காலத்தில், மனிதர் கண்ணெதிரே, புதிய இனங்களைத் தோற்றுவித்துள்ளன. உலகில் வேறெங்கும் இல்லாத அவ்வினங்களை அவற்றின் உறவினர்களிடமிருந்து பிரித்து அறிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எரிமலையிலிருந்து தண்டவாளத்துக்கு

முதலில் இரு பெற்றோரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒன்று செனேசியோ வல்காரிஸ். ஆங்கிலேயர் கிரவுண்ட்செல் என்பார்கள். தோட்டம், பாதையோரம், சுவரடி என்று எங்கும் முளைக்கும் சாதாரணக் களை. இதில் ஓரப்பூக்கள் இல்லை; நடுப்பூக்கள் மட்டுமே. ஆகவே பூ எப்போதும் பாதி திறந்த மொட்டைப் போலவே காணப்படும். தன் மகரந்தத்தைக் கொண்டே விதை உண்டாக்கிக்கொள்ளும். தேனீயின் தயவு அதற்குத் தேவையில்லை.

மற்றது செனேசியோ ஸ்குவாலிடஸ். இதன் பிறப்பிடம் பிரிட்டன் அன்று. இத்தாலியின் சிசிலித் தீவில் எட்னா என்னும் எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரு செனேசியோ, உச்சியை நெருங்க மற்றொரு செனேசியோ. இரண்டும் சந்திக்கும் நடுச்சரிவில் கலப்புச் செடிகள். அந்தக் கலப்புச் செடிகளே ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்கு வந்து, ஆக்ஸ்போர்டுத் தாவரவியல் தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் செடி தோட்டத்து மதிலைத் தாண்டி நகரத்தின் பழைய கற்சுவர்களில் ஏறிவிட்டது. ஆக்ஸ்போர்டு ராக்வொர்ட் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. இதன் பூவில் சுமார் 13 ஓரப்பூக்கள் பொன் மஞ்சளாக விரிந்து நிற்கும். தன் மகரந்தத்தை இது ஏற்காது. வேறொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் விதை.

1844இல் ஆக்ஸ்போர்டுக்கு ரயில் வந்தது. தண்டவாளத்தின் அடியில் கொட்டிய நிலக்கரிச் சிட்டமும் சரளைக் கல்லும் இச்செடிக்குத் தாய்வீட்டு எரிமலைச் சாம்பலைப் போலவே இருந்தன. விடுமா? தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பரவத் தொடங்கியது. ட்ரூஸ் என்பவர் ஆக்ஸ்போர்டில் மருந்துக்கடை நடத்தியவர். அந்நகரின் மேயராகவும் இருந்தவர். ஓய்வு நேரமெல்லாம் செடி தேடி அலைந்தவர். ஒருநாள் அவர் ரயிலில் போகும்போது, ஆக்ஸ்போர்டில் இதன் விதைகள் சில பெட்டிக்குள் மிதந்து வந்து, டைல்ஹர்ஸ்ட் என்ற நிலையத்தில் வெளியேறியதைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம்! பௌதிகம் படிப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. பஞ்சு சூடிய விதையின் எடை மிகச் சிறிது. காற்றின் தடையோ பெரிது. விழத் தொடங்கியதுமே தடை எடைக்குச் சமமாகிவிடும். பிறகு அது சீரான, மிக மெதுவான வேகத்திலேயே இறங்கும். ஓடும் வண்டி கிளப்பும் காற்று அதை எவ்வளவு தூரமும் ஏந்திச் செல்லப் போதுமானது.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் கட்டடங்களின் குவியல்களிலும் இச்செடி பூத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பெரும் பகுதியில் கிரவுண்ட்செல்லும் ராக்வொர்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் வளரலாயின. அதாவது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த இரண்டு உறவினர்களை மனிதன் ஒரே தெருவில் குடிவைத்துவிட்டான்.

எண்ணிப் பார்த்து அறிந்தது

1948இல் வடக்கு வேல்ஸில் ஃப்ரித் என்ற சிற்றூரில் கிரீன் என்ற தாவர ஆர்வலர் ஒரு செடியைக் கண்டார். கிரவுண்ட்செல்லைப் போலவே இருந்தது. ஆனால் பூவில் ஓரப்பூக்கள் இருந்தன. செடியும் சற்றுத் திடமாக இருந்தது.

இதில் என்ன பெரிய புதுமை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் ஓரப்பூ உள்ள கிரவுண்ட்செல் முன்பே அறியப்பட்ட ஒன்று. அது கிரவுண்ட்செல்லின் ஒரு வகை என்றே கருதப்பட்டு, அயர்லாந்தின் பழைய லத்தீன் பெயரையொட்டி ஹைபர்னிக்கஸ் எனப் பெயர் பெற்றிருந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதானா, வேறா? பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் சில வேறுபாடுகள் தெரியும். வேல்ஸ் செடியின் காய் நீளம், ஓரப்பூ அகலம். மகரந்தத் துகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும்: கிரவுண்ட்செல்லின் துகள்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று துளைகள், வேல்ஸ் செடியின் துகள்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு. ஆனால் ‘பெரும்பாலானவை’ என்ற சொல் வந்தாலே வாதத்துக்கு இடமுண்டு. நல்ல நிலத்தில் வளர்ந்த செடிக்குக் காய் பெரிதாகாதா? ஓரப்பூ அகலமாகாதா?

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எஃபி ராஸர் என்னும் அம்மையார் இதற்கு முடிவு கண்டார். அவர் 1955இல் வெளியிட்ட கட்டுரையில் அது தனி இனம் என்று அறிவித்து, செனேசியோ கேம்ப்ரென்சிஸ் எனப் பெயரிட்டார். கேம்ப்ரியா என்பது வேல்ஸின் லத்தீன் பெயர். முடிவுக்குத் துணை நின்றது குரோமோசோம் எண்ணிக்கை.

கணக்கைச் சொல்கிறேன், கூடவே கூட்டிப் பாருங்கள். கிரவுண்ட்செல்லின் உடல் செல்லில் 40 குரோமோசோம்கள். ராக்வொர்ட்டுக்கு 20. மகரந்தத்திலும் சூலிலும் இதில் பாதிதான் இருக்கும்; அதாவது 20, 10. இரண்டும் கலந்தால் பிள்ளைக்கு 30. அந்தப் பிள்ளை வளரும், பூக்கும். ஆனால் விதை பிடிப்பது மிக அரிது. ஏன்? மகரந்தம் உண்டாகும் தருணத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியைத் தேடிச் சேர்ந்து, பிறகு சமமாகப் பிரிய வேண்டும். இங்கே ஜோடிகள் சரியாக அமைவதில்லை, பங்கீடு தாறுமாறாகிறது. கோவேறு கழுதை மலடாக இருப்பதும் இவ்வாறுதான்.

ஆனால் எப்போதோ ஒருமுறை, செல் பிரியும்போது ஏற்படும் ஒரு பிழையால் 30ம் இரட்டித்து 60 ஆகிவிடுகிறது. உடனே ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போலவே ஒரு ஜோடி கிடைத்துவிடும். மலட்டுத் தன்மை நீங்கும். வேல்ஸ் செடியில் எண்ணியபோது கிடைத்த எண் சரியாக 60. ஓரப்பூ உள்ள சாதாரணக் கிரவுண்ட்செல்லுக்கோ 40தான். ஐயத்துக்கு இடமே இல்லை. அறுபதும் நாற்பதும் கலந்தால் பிள்ளைக்கு 50. அங்கே மறுபடியும் ஜோடிக் குழப்பம். ஆகவே புதிய செடி பெற்றோரோடு கலந்து கரைந்துபோகாமல் தனியே நிற்கிறது. பிற்காலத்தில் கொல்சிசின் என்ற மருந்தைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செயற்கையாக உண்டாக்கியும் காட்டினார்கள்.

குரோமோசோமை எண்ணுவது என்றால் கைவிரலை எண்ணுவது போன்றது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பௌதிக ஆசிரியன். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த கட்டடம் தாவரவியல் துறை. அங்குள்ள நண்பர் ஒருமுறை வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி நசுக்கிய தகடு ஒன்றைக் காட்டி, எண்ணச் சொன்னார். முதல் முறை 15 வந்தது. அடுத்த முறை 17. நண்பர் சிரித்துவிட்டு, “16, சார்” என்றார். நூல்துண்டுகளைச் சிதறவிட்டது போல ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவற்றில் 60ஐ எண்ணுவதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! இந்தக் கலை நம் நாட்டுக்கு அந்நியமன்று. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களையெல்லாம் தொகுத்து 1945இல் ஒரு பெருநூலை வெளியிட்டார்.

1982இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், லீத் என்ற துறைமுகப் பகுதியிலும் இந்த 60 குரோமோசோம் செடி காணப்பட்டது. வேல்ஸிலிருந்து விதை பறந்து போயிற்றா? அன்று. இரு இடத்துச் செடிகளின் என்சைம்களையும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டு 1992இல் வெளியான ஆய்வுகள், இரு இடங்களிலும் அது தனித்தனியே பிறந்தது என்று காட்டின. ஒரே விபத்து, இருமுறை! ஆனால் எடின்பரோக் கிளை 1990களில் அழிந்துவிட்டது.

எண்ணிக்கை கைவிட்ட இடம்

இதுவரை எல்லாம் சீராகவே வந்தது. ஓர் எண்ணை எடுத்தோம், இனத்தை முடிவு செய்தோம். ஆனால் 1979இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ரயில் நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் ரிச்சர்ட் அபட் என்ற ஆய்வாளர் ஒரு பூண்டைக் கண்டபோது இந்த வழி பயன்படாமல் போயிற்று.

அதுவும் கிரவுண்ட்செல்லுக்கும் ராக்வொர்ட்டுக்கும் இடைப்பட்ட தோற்றமே. ஓரப்பூக்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தால் 40. கிரவுண்ட்செல்லுக்கும் 40. ஓரப்பூ உள்ள ஹைபர்னிக்கஸுக்கும் 40. மூன்றும் ஒரே எண்! பொற்கொல்லரிடம் ஒரே எடையுள்ள மூன்று மோதிரங்களைக் கொடுத்து, எது எந்த மாற்றுத் தங்கம் என்று கேட்டால், அவர் தராசைத் தள்ளி வைத்துவிட்டு உரைகல்லைத் தேடுவார். இங்கே உரைகல் எது?

முதலில் 40 எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். 30 குரோமோசோம் உள்ள மலட்டுக் கலப்புச் செடி, அரிதாக ஓரிரு விதை கொடுப்பதுண்டு என்றேன். அது கிரவுண்ட்செல்லோடு மீண்டும் கலந்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் எண் 40இல் வந்து நிலைபெறலாம். எண்ணிக்கை கிரவுண்ட்செல்லின் எண்ணிக்கையே. ஆனால் உள்ளே ராக்வொர்ட்டின் பரம்பரைச் சரக்கும் கொஞ்சம் தங்கிவிடும். எவ்வளவு என்பதே வேறுபாடு. ஹைபர்னிக்கஸ் பெற்றது மிகக் கொஞ்சம். ஓரப்பூவைத் தீர்மானிக்கும் ஜீன்கள் ராக்வொர்ட்டிலிருந்து இவ்வழியே கிரவுண்ட்செல்லுக்குள் வந்தவை என்று 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் அது கிரவுண்ட்செல்லாகவே இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கிரவுண்ட்செல்லோடு தடையின்றிக் கலக்கிறது. ஆகவே அதை ஒரு வகை என்கிறோம், இனம் என்பதில்லை.

யார்க் செடி அப்படியில்லை. இலையின் வெட்டு, பூந்தலையின் பருமன், ஓரப்பூவின் நீளம், காயின் நீளம் என்று பல அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் பக்கத்து இனத்தின் அளவோடு உரசும். எல்லாவற்றையும் சேர்த்து நோக்கும்போது யார்க் செடிகள் ஒரு கூட்டமாகத் தனியே நின்றன. பௌதிகச் சோதனையிலும் இது உண்டு. ஒரு கம்பியின் நீளமோ எடையோ அது எந்த உலோகம் என்று சொல்லாது. அடர்த்தி, மின்தடை, வெப்பத்தில் நீளும் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சொல்லிவிடும்.

இதைவிட முக்கியமான சான்று மற்றொன்று. யார்க்கில் இச்செடியும் கிரவுண்ட்செல்லும் கைக்கெட்டும் தூரத்தில் சேர்ந்தே வளர்ந்தன. அப்படியிருந்தும் அவற்றின் கலப்புப் பிள்ளைகளைக் காண்பது மிக அரிதாக இருந்தது. தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் குணத்தைக் கிரவுண்ட்செல்லிடமிருந்து அது பெற்றிருந்தது. அதனால் அண்டை வீட்டு மகரந்தத்துக்குக் கதவு பெரும்பாலும் அடைத்தே இருந்தது. எண்ணிக்கை என்ற வேலி இல்லாமலேயே ஒரு வேலி! தலைமுறை தலைமுறையாகத் தன் உருவத்தைக் காத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பதோடு கலந்து கரையாமல் இருப்பதைத் தனி இனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அபட்டும் அவருடன் ஆய்வு செய்த லோ என்பவரும் 2003இல் அதற்குச் செனேசியோ எபோராசென்சிஸ் என்று பெயரிட்டனர். எபோராகம் என்பது யார்க் நகரின் ரோமானியப் பெயர்.

இதில் எல்லோரும் ஒரே கருத்தினர் ஆகிவிட வேண்டும் என்பதில்லை. இத்தனை விழுக்காடு கலப்பு வரை வகை, அதற்கு மேல் இனம் என்று இயற்கை கோடு கிழித்து வைக்கவில்லை. ஆனால் வேலியைப் பார்க்க வேண்டும், வேலி எதனால் ஆனது என்பது பிறகு என்ற அவர்களின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

பெயருக்கும் களைக்கொல்லிக்கும் இடையே

பெயரிட ஏன் 24 ஆண்டுகள் ஆயின என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன அளவுகளும் கலப்புச் சோதனைகளும் ஒரு பருவத்தில் முடிவன அல்ல. ஆனால் அந்த இடைவெளிக்கு ஒரு விலை இருந்தது. இது வாழ்ந்த நிலமெல்லாம் சேர்ந்தே ஒரு நகரத்தின் சில தெருக்கள்தாம். பாதையோரத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் சுத்தம் செய்பவர்களுக்கு இது கிரவுண்ட்செல். கிரவுண்ட்செல் என்றால் களை. களை என்றால் மருந்து அடிக்க வேண்டும். அவர்கள் மீது தவறு சொல்ல முடியாது. நிபுணர்களே காயை அளந்து பார்த்துப் பிரிக்க வேண்டிய செடியை, மருந்துத் தெளிப்பான் பிடித்தவர் எப்படிப் பிரிப்பார்? இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ 2023இல் வெளியிட்ட செய்தியின்படி, அது கடைசியாகக் காணப்பட்டது 1991இல். அதாவது பெயர் வந்து சேர்வதற்குள் செடி போய்விட்டது.

ஆனால் முழுவதும் போய்விடவில்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அபட்டின் ஜன்னலோரத்தில், தொட்டிகளில், மூன்று செடிகள் இருந்தன. குறுகிய ஆயுள் கொண்ட செடி. விரைவில் அவையும் மடிந்தன. மடிவதற்கு முன் ஒரு சிட்டிகை விதை தந்திருந்தன. இது கிரவுண்ட்செல் அன்று, உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்று என்று அறிந்தவர் கையில் அவ்விதை இருந்ததால்தான் அது சேமித்து வைக்கப்பட்டது. இங்கிலாந்தின் தெற்கே, வேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் கியூ தோட்டத்தார் நடத்தும் மில்லேனியம் விதை வங்கிக்கு அதில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது.

விதை வங்கியில் உள்ள விதையும் என்றென்றும் உயிரோடு இருப்பதில்லை. இவை விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடக்கூடும் என்ற கவலை எழுந்தது. அரிய பிரிட்டிஷ் தாவரங்களை வளர்க்கும் ஒரு நாற்றுப்பண்ணையிடம் 100 விதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 98 முளைத்தன! சிறிது காலத்தில் பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்தில் ஆயிரம் யார்க் செடிகள் நின்றன. அவற்றிலிருந்து திரட்டிய ஆறு கிராம் விதையை 2023 பிப்ரவரியில் யார்க் ரயில் நிலையத்தின் அருகே, நகர மன்றமும் ரயில் துறையும் ஒதுக்கிக் கொடுத்த நிலத்தில் தூவினார்கள். அந்த மே மாதத்தில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அது மீண்டும் மஞ்சளாகப் பூத்தது.